கோலாலம்பூரிலிருந்து ஷயருக்கு: ஹாபிட்டன் போய்வர முழுமையான வழிகாட்டி

டோல்கின் கதையில் ஹாபிட் எனும் குள்ள மனிதர்கள் வாழும் ஷயர் நாடு எந்த உலக வரைபடத்திலும் இல்லை. ஆனால் அதன் ஹாபிட்டன் கிராமத்துக்கு முகவரி உண்டு: 501, பக்லேண்ட் சாலை, ஹினுவேரா, மாட்டாமாட்டா, நியூசிலாந்து. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்துக்காக ஓர் ஆட்டுப் பண்ணையில் எழுப்பிய ஊர் அது. பிறகு திரும்பக் கட்டியபோது நிலைத்துவிட்டது. கேஎல்லிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ பத்தரை மணி நேரம், இறங்கிய பிறகு காரில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் தூரம்.

இந்தப் பயணத்தில் சிக்கல் தூரத்தால் வருவதில்லை, வரிசை மாறுவதால்தான் வருகிறது. விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்ததும் வாங்கிவிட்டு, ஹாபிட்டனை "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். அதைத் தலைகீழாக மாற்றுங்கள்.

முதலில் ஹாபிட்டன் நேரம், பிறகுதான் விமானம்

ஹாபிட்டனுக்குள் தனியாகப் போய்ச் சுற்றிவர முடியாது. வழிகாட்டியோடு, குழுவாக, குறித்த நேரத்தில்தான் நுழைவு. இணையத்தில் நாளும் நேரமும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டும். நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையும் அவர்களின் கோடைகாலமும் டிசம்பரில் ஒன்றாக வந்து விழுகின்றன. அந்த மாதத்திலும் ஜனவரியிலும் நல்ல நேரங்கள் வாரக்கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும். சீனப் பெருநாள் வாரமும் அப்படித்தான். டிசம்பர் 25 அன்று முழு விடுமுறை.

சாதாரணச் சுற்றுக்குப் பெரியவர் ஒருவருக்குச் சுமார் 120 நியூசிலாந்து டாலர். இனி இங்கே டாலர் என்றால் நியூசிலாந்து டாலர்தான். ஒரு டாலரை இரண்டரை வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று வைத்துக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்காது. பதின்ம வயதினருக்குக் கட்டணம் குறைவு, சிறு பிள்ளைகளுக்கு இல்லை. வயது எல்லை அவ்வப்போது மாறுவதால் பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லாத பிள்ளைக்கும் பெயர் பதிந்து இடம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேருந்தில் இருக்கை இருக்காது.

பதிவுப் பக்கத்தில் கவனமாகப் பார்க்க வேண்டியது புறப்படும் இடம். பண்ணை வாசலிலேயே உள்ள 'ஷயர்ஸ் ரெஸ்ட்' ஒன்று, மாட்டாமாட்டா ஊருக்குள் உள்ள சுற்றுலா தகவல் நிலையம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே காரில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்றுக்குச் சீட்டு எடுத்துவிட்டு மற்றதன் வாசலில் போய் நின்றால் உங்கள் பேருந்து உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். கார் எடுக்கிறவர்கள் ஷயர்ஸ் ரெஸ்ட்டையே தேர்ந்தெடுங்கள். வண்டி நிறுத்த இடமும், கழிவறையும், சிற்றுண்டிக் கடையும் அங்கே இருக்கின்றன.

சில மாலைகளில் விருந்தோடு கூடிய சுற்று உண்டு. இருட்டிய பிறகு விளக்கேந்தி ஊருக்குள் நடக்கலாம். கதையைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். படத்தைத் தொலைக்காட்சியில் அரைகுறையாகப் பார்த்தவர்களுக்குச் சாதாரணச் சுற்றே போதும்.

விமானம் இறங்கும் நாளுக்கு மட்டும் சுற்றைப் பதிவு செய்யாதீர்கள். இரவு முழுக்க உட்கார்ந்தே வந்திருப்பீர்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட நான்கு மணி நேரம் முன்னால் ஓடும், செப்டம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்து மணி நேரம். அந்த அரைத் தூக்கத்தில் நெடுஞ்சாலை ஓட்டுவது ஆபத்து. முதல் இரவு ஆக்லாந்திலோ ஹேமில்டனிலோ தங்கிவிட்டு மறுநாள் புறப்படுங்கள்.

தாள் வேலை

மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. ஆனால் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம், கைக்குழந்தைக்கும் சேர்த்து. கைப்பேசிச் செயலியில் விண்ணப்பித்தால் 17 டாலர், இணையப் பக்கத்தில் 23 டாலர். அதோடு சேர்த்தே சுற்றுலா வரியாக 100 டாலர் பிடித்துவிடுவார்கள். 2024 அக்டோபர் வரை இது 35 டாலராக இருந்தது, பழைய பதிவுகளைப் படித்து ஏமாறாதீர்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குச் செயலி வழியே 468 டாலர், ஏறத்தாழ 1,170 வெள்ளி. பெற்றோர் இருவரின் ஹாபிட்டன் சீட்டோ 240 டாலர்தான். பட்ஜெட் போடும்போது பலர் விட்டுவிடும் செலவு இது.

அனுமதி இரண்டு ஆண்டுகள் செல்லும், ஒருமுறை போனால் மூன்று மாதம் வரை தங்கலாம். பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடும் என்றாலும் 72 மணி நேரம் ஒதுக்குங்கள். நியூசிலாந்தை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் கடப்பிதழ் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். கூகுளில் தேடினால் அரசுப் பக்கம் போலவே தோற்றமளித்து இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் தரகர் பக்கங்கள் மேலே வந்து நிற்கும். குடிநுழைவுத் துறையின் சொந்தச் செயலியை மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொரு தாள், பயணி அறிவிப்புப் படிவம். இதற்குக் கட்டணம் கிடையாது. பயணம் தொடங்குவதற்கு 24 மணி நேரம் முன்பிருந்து இணையத்தில் நிரப்பலாம். இதில் "உணவுப் பொருள் வைத்திருக்கிறீர்களா?" என்ற கேள்வி வரும். அதற்கு என்ன பதில் சொல்வது என்பது தனிப் பாடம்.

பெட்டியில் என்ன இருக்கலாம்

கேஎல்லின் பிரிக்பீல்ட்ஸில் கடை கடையாக ஏறி மசாலா, ஊறுகாய், முறுக்கு என்று பெட்டியை நிரப்பிக்கொண்டு போவது நம் வழக்கம். நியூசிலாந்து விவசாய நாடு. வெளியிலிருந்து ஒரு பூச்சியோ நோயோ நுழைந்தால் அவர்களின் பிழைப்பே போய்விடும் என்பதால், விமான நிலையத்தில் போதைப்பொருளைத் தேடும் அளவுக்குப் பழத்தையும் தேடுவார்கள். மோப்ப நாய் உண்டு, எக்ஸ்ரேயும் உண்டு. அறிவிக்காத பொருள் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம்.

விதி எளிது: உண்ணும் பொருள் எதுவானாலும் "ஆம்" என்று குறியுங்கள். அறிவித்துவிட்டால் அபராதம் கிடையாது. அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார், இல்லையென்றால் எடுத்துவைத்துக்கொள்வார்.

பச்சைக் கறிவேப்பிலை, வெற்றிலை, மாவிலை, துளசி, மல்லிகைச் சரம், பழம், காய், தேன் எதையும் எடுத்துப் போகாதீர்கள். இறைச்சி, முட்டை, பால் கலந்த பண்டங்களை வீட்டிலேயே வைத்துவிட்டால் வாதம் மிச்சம். கடையில் முத்திரையிட்டு விற்கும் மசாலாத்தூள், முறுக்கு, பிஸ்கட் போன்றவற்றை அறிவித்துவிட்டு எடுத்துச் செல்லலாம். அம்மா அரைத்துக் கொடுத்த தூளைப் பெயர் எழுதாத பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போனால், அது என்னவென்று விளக்குவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். உருத்திராட்ச மாலையும் தாவரப் பொருள்தான், அதையும் அறிவியுங்கள். மருந்துகளை அவற்றின் சொந்த உறையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டு போங்கள்.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது பெட்டியில் உள்ள பொருளால் அல்ல. விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பிள்ளை சாப்பிடாமல் கைப்பையில் போட்டிருக்கும், அதை எல்லோரும் மறந்திருப்பார்கள். சோதனைக்கு முன்னால் உணவைப் போட்டுவிடத் தொட்டிகள் வைத்திருப்பார்கள். அங்கே நின்று எல்லாப் பைகளையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். காலணியின் அடியில் மண் ஒட்டியிருந்தாலும் கேள்வி வரும், கிளம்பும் முன் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

உடைக்கு வருவோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். காலையில் பனிமூட்டமும் ஐந்து டிகிரி அளவு குளிரும் சாதாரணம். கோடையில் இருபது டிகிரியைத் தாண்டும், ஆனால் ஆண்டு முழுக்க எந்த நாளும் மழை வரலாம். ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட மெல்லிய உடைகள் இரண்டு, மேலே மழை தாங்கும் உடை ஒன்று என்று அடுக்கிப் போடுவது நல்லது. அங்குள்ள வெயில் நம் வெயிலைவிட இதமாகத் தெரியும், ஆனால் புற ஊதாக் கதிர் கடுமையானது. கறுத்த தோலும் எரியும், சன்ஸ்க்ரீன் பூசுங்கள். மின்செருகி நம் மூன்று சதுரக் கால் வகை அல்ல, சாய்ந்த கால் வகை. இங்கேயே அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

சாலை

இடப்பக்கம் ஓட்டுவது, வலப்பக்கம் ஸ்டீயரிங் எல்லாம் நம்மைப் போலவே. அதனால் மலேசியர்களுக்கு அங்கே கார் எடுப்பது மற்ற நாடுகளைவிடச் சுலபம். ஆனால் லைசென்ஸைக் கைப்பேசிச் செயலியில் மட்டும் வைத்திருக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. வாடகைக் கார் முகப்பில் அதை நம்பி நிற்காதீர்கள். அட்டையை எடுத்துப் போங்கள், இல்லாதவர்கள் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அட்டை அச்சிட்டு வாங்குங்கள். கூடவே அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் எடுத்துவிட்டால் எந்த முகப்பிலும் கேள்வி வராது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சிறுவர் இருக்கை சட்டப்படி கட்டாயம், காரைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆக்லாந்து விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே இருப்பதால் நகருக்குள் நுழையவே தேவையில்லை. முதலாம் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே போங்கள். கொஞ்ச நேரத்தில் 'பாம்பே' என்று பலகை வரும். வழி தவறிவிடவில்லை, அந்த மலைச்சரிவின் பெயரே அதுதான். பெட்ரோல், சாப்பாடு, கழிவறை மூன்றையும் அங்கே முடித்துக்கொள்ளுங்கள். நம் ஆர் அண்ட் ஆர் போல இடத்துக்கு இடம் ஓய்விடம் அங்கே எதிர்பார்க்க முடியாது. பாம்பேக்குக் கீழே இரண்டாம் நெடுஞ்சாலைக்குத் திரும்பி, பிறகு 27-ஆம் நெடுஞ்சாலை வழியாக மாட்டாமாட்டா போவது ஒரு வழி. முதலாம் நெடுஞ்சாலையிலேயே ஹேமில்டன், கேம்பிரிட்ஜ் பக்கம் இறங்கிக் குறுக்கே வருவது இன்னொரு வழி. நேரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். டோல் எதிலும் இல்லை.

வேக எல்லை ஊருக்குள் 50, வெளியில் 100, வைக்காட்டோ விரைவுச்சாலையின் பெரும்பகுதியில் 110. ஆனால் 27-ஆம் சாலை போன்றவை திசைக்கு ஒரு தடம்தான், நடுவே தடுப்பு இல்லை. பால் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பொறுமையாகப் போங்கள், முந்திச் செல்லும் தடம் தானாக வரும். பெட்ரோல் நம் ஊர் விலையைவிட மூன்று மடங்குக்கு மேல் என்பதை மனதில் வைத்து சின்னக் காராகவே எடுங்கள். பெரும்பாலான வாடகைக் கார்களுக்கு '91' போதும்.

ஜிபிஎஸ்ஸில் வெறுமனே "ஹாபிட்டன்" என்று போடாமல் முழு முகவரியையும் போடுங்கள். சுற்று தொடங்குவதற்கு அரை மணி முன்னால் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்று திட்டமிடுங்கள்.

காரே வேண்டாம் என்பவர்களுக்கு ஆக்லாந்திலிருந்து ஒருநாள் பேருந்துச் சுற்றுகள் உள்ளன. வைட்டோமோ மின்மினிக் குகையையும் சேர்த்து ஒரே நாளில் காட்டும் சுற்றும் விற்கிறார்கள். பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளோடு போனால் பாதி நாள் பேருந்தில் தூங்கியே கழியும்.

ஊருக்குள்

ஷயர்ஸ் ரெஸ்ட்டிலிருந்து பேருந்து பண்ணைக்குள் போகும். மொத்தப் பண்ணை 1,250 ஏக்கர், ஊர் அதில் 12 ஏக்கர்தான். 1998-இல் படப்பிடிப்பு இடம் தேடி வானில் சுற்றியவர்கள் கண்டது ஏரிக்கரையில் நின்ற ஒரு பெரிய பைன் மரத்தையும், சாலையோ மின்கம்பமோ தெரியாத மேடுகளையும்தான். அந்தப் பைன்தான் கதையில் பில்போ என்ற ஹாபிட்டின் 111-ஆம் பிறந்தநாள் விருந்து நடக்கும் மரம். இன்னும் உயிரோடு நிற்கிறது. 1999-இல் நியூசிலாந்து ராணுவம் உள்ளே வர ஒன்றரைக் கிலோமீட்டர் சாலை போட்டுக் கொடுத்தது. அப்போது கட்டிய வீடுகள் ஒட்டுப்பலகையும் பாலிஸ்டைரீனும்தான், படம் முடிந்ததும் இடிப்பதற்காகவே கட்டியவை. 'தி ஹாபிட்' படங்களுக்காக 2009-இல் தொடங்கி எல்லாவற்றையும் நிலையான பொருளில் திரும்பக் கட்டினார்கள். இன்று நாம் பார்ப்பது அதைத்தான்.

பேருந்தை விட்டு இறங்கியதும் இருபுறமும் மண்மேடு உயர்ந்த ஒரு குறுகிய வழி. அதைத் தாண்டினால் ஊர் மொத்தமும் திடீரென்று கண்முன் விரியும். அந்த இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் தூக்குவார்கள். நீங்கள் வழிவிட்டு நில்லுங்கள், அரை நிமிடத்தில் கூட்டம் நகரும், பிறகு ஆளில்லாத படம் கிடைக்கும். சுற்று முழுக்கவும் இதே உத்தி: குழுவின் வாலில் நில்லுங்கள். ரொம்பவும் பின்தங்கினால் அடுத்த குழு வந்து சேர்ந்துவிடும் என்பதால் இருபதடிக்கு மேல் இடைவெளி விட வேண்டாம்.

வட்டக் கதவுகள் நாற்பதுக்கும் மேல். எல்லாம் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். மந்திரவாதி கேண்டால்ஃப் உயரமாகத் தெரிய வேண்டிய காட்சிகளுக்குச் சின்னக் கதவு, ஹாபிட்டுகள் குள்ளமாகத் தெரிய வேண்டியவற்றுக்குப் பெரிய கதவு என்று வெவ்வேறு அளவில் செய்திருக்கிறார்கள். உங்கள் படத்துக்கும் இதுவே சூத்திரம். அப்பா ராட்சசன் போலத் தெரிய வேண்டுமா, இடுப்பளவுக் கதவைத் தேடி அதன் அருகில் நிறுத்துங்கள். பிள்ளை ஹாபிட் ஆக வேண்டுமா, பெரிய கதவின் முன்னால் விடுங்கள். எந்தக் கதவின் அருகில் போகலாம், எதில் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதை வழிகாட்டி சொல்வார்.

பெரும்பாலான கதவுகளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, ஆள் நிற்குமளவு குழியும் மண்சுவரும்தான். வீட்டின் உட்புறக் காட்சிகளை வெலிங்டனில் அரங்கம் போட்டு எடுத்தார்கள். இதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பில்போவின் வீடான பேக் எண்ட் வாசலில் அழுகை தொடங்கும். ஆனால் 2023 டிசம்பரிலிருந்து பேக்‌ஷாட் ரோ தெருவில் உள்ளே நுழைந்து பார்க்கக்கூடிய முழு வீடுகளைத் திறந்திருக்கிறார்கள். இங்கே பொருளைத் தொடலாம், அலமாரியைத் திறக்கலாம், கட்டிலில் உட்காரலாம். நேரம் அளந்துதான் விடுவார்கள். கூட்டத்தோடு முதல் அறையிலேயே நின்றுவிடாமல் நேரே கடைசி அறைக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

மேட்டின் உச்சியில் பச்சைக் கதவுள்ள வீடுதான் பேக் எண்ட், பில்போவும் ஃப்ரோடோவும் வாழ்ந்த வீடு. விருந்துக்கு வந்தவர் தவிர மற்றவர் நுழையக்கூடாது என்ற பலகை படலில் தொங்கும். வீட்டின் தலைக்கு மேலே நிற்கும் கருவாலி மரத்தை நன்றாகப் பாருங்கள். ஊர் முழுக்க நிற்கும் மரங்களில் பொய் மரம் அது. தைவானில் செய்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இலைகளைக் கையால் கட்டியிருக்கிறார்கள். காற்றடிக்கும்போது கீழே உள்ள செடிகள் அசைவதற்கும் இந்த இலைகள் அசைவதற்கும் வித்தியாசம் தெரியும். இதற்கு நேர்மாறாக, தோட்டத்தில் உள்ள பூசணியும் முட்டைக்கோசும் நிஜம், தோட்டக்காரர்கள் வளர்ப்பவை. கொடியில் காயும் துணியின் அளவையும் கவனியுங்கள். சட்டைகள் பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் பொருந்தும்.

பிறகு விருந்துத் திடலுக்கு இறங்கி, மாவு ஆலையைத் தாண்டி, இரட்டை வளைவுக் கல்பாலம் வழியாக க்ரீன் டிராகன் விடுதிக்குப் போவீர்கள். சீட்டோடு ஒரு பானம் சேர்ந்திருக்கிறது. மதுவகைகள் சில, சைடர், மது இல்லாத இஞ்சிப் பானம் என்று கேட்டு வாங்கலாம். சைடர் என்றால் ஆப்பிள் சாறு என்று எண்ணிப் பிள்ளைகளுக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் வாங்கிவிடாதீர்கள், அதில் மது உண்டு. கல்சாடி போன்ற குவளையில் தருவார்கள், குவளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாப்பிடத் தனிக்காசு. உள்ளே பூரணம் அடைத்துச் சுட்ட 'பை' (pie) வகைகளே அதிகம், சைவம் எது என்று கேட்டு வாங்குங்கள்.

நடை மொத்தம் இரண்டு கிலோமீட்டர் அளவு, எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம். சரளைக்கல் பாதை, ஏற்றம் இறக்கம் உண்டு. முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டியும் மெதுவாக நடந்துவிடலாம், ஆனால் உட்கார இடம் வரும்போதெல்லாம் உட்கார வையுங்கள். நடக்க முடியாதவர் இருந்தால் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். பட்டுச்சேலையில் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் எடுக்கலாம், அழகாகவே வரும். கீழே மட்டும் காலணியை மாற்றாதீர்கள், ஈரச் சரளையில் செருப்பு வழுக்கும். மழை பெய்தாலும் சுற்று நிற்காது, குடை கொடுப்பார்கள். டிரோன் பறக்கவிட அனுமதி இல்லை.

சாப்பாடும் அதன் பிறகும்

மாட்டாமாட்டா சின்ன ஊர், இரவு கடைகள் சீக்கிரம் மூடிவிடும். நம் சாப்பாடு வேண்டுமென்றால் 45 நிமிடத் தொலைவில் உள்ள ஹேமில்டனில் இந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் உண்டு. ஆக்லாந்து திரும்புகிறவர்கள் சாண்ட்ரிங்ஹாம் பக்கம் போனால் தோசை கிடைக்கும். சமையலறை உள்ள மோட்டலில் தங்கினால் செலவு பாதியாகும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

இன்னும் நாள் இருந்தால் ரோத்தோருவா ஒரு மணி நேரம்தான். கதையில் வரும் தீய நாடான மோர்டாரையும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் தெற்கே டோங்காரிரோ தேசியப் பூங்காவுக்குப் போகலாம். அங்குள்ள 2,287 மீட்டர் உயர நவுருஹோயே எரிமலைதான் படத்தில் டூம் மலையாக வந்தது. அதன் சிகரம் மாவோரி மக்களுக்குப் புனிதமானது, ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கீழே சாலையிலிருந்தே முழு மலையும் தெரியும். அதன் ஓரமாகப் போகும் நடைபாதை 20 கிலோமீட்டர் அளவு, முழு நாள் பிடிக்கும், வானிலை நொடியில் மாறும். ஹாபிட்டனுக்குப் போட்ட அதே காலணியோடு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அதில் இறங்க வேண்டாம்.